மூச்சு முடிகிற இடத்தில் வரி முடிய வேண்டும்

சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்துகொண்டு, வில்லிசைக் குழுக்களுக்கும் பக்திப் பாடல் தொகுப்புகளுக்கும் நாற்பது ஆண்டுகளாக எழுதிவரும் பாடலாசிரியர் இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: ஒரு பாட்டு உங்களுக்குள் எப்படித் தொடங்குகிறது? சொல்லா, மெட்டா, கருத்தா? தாமிரபரணிக் கரையில் போய் உட்கார்ந்தால்தான் எழுத வருமா?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: ஆற்றங்கரையில் உட்கார்ந்து நான் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை. படித்துறைக்குப் போனால் தண்ணீர் ஓடுவதைக் கேட்பதோடு மனம் நிறைந்துவிடுகிறது. எழுத்தெல்லாம் வீட்டுத் திண்ணையில்தான்.

எனக்கு முதலில் வருவது நடை. சொல் இல்லாமல், பொருள் இல்லாமல், வெறும் தத்தகாரமாக ஒன்று காதுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று பல நேரம் எனக்கே தெரிவதில்லை; தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். என் அம்மா பீடி சுற்றியவள். மடியில் சொளவை, அதாவது முறத்தை, வைத்துக்கொண்டு, இலையின் மேல் அளவுத் தகட்டை வைத்து, நான்கு பக்கமும் கத்தரியால் வெட்டுவாள். பிறகு அடுத்த இலையை எடுக்கும்வரை கத்தரி சற்று நிற்கும். நான்கு வெட்டு, ஒரு நிறுத்தம். விளக்கடியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது வெறும் சத்தமாகத்தான் இருந்தது. முப்பது வயதுக்கு மேல், அம்மன் கோவில் கொடை விழாவுக்கு ஒரு பாட்டு எழுதும்போது வரிகள் தாமாகவே ஐந்தைந்து எண்ணிக்கையில் விழுந்தன. உடுக்கு வாசிப்பவர், “கண்ட நடை எங்கே படிச்சீங்க?” என்று கேட்டார். எங்கும் படிக்கவில்லை, அம்மாவின் கத்தரியில் அது இருந்தது.

அதனால் கவிதை தானாக வரட்டும் என்று காத்திருப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான். நம் ஊர்க் கொடையில் சாமியாடிக்கு அருள் வரும்வரை மேளக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. அவர் அடித்துக்கொண்டே இருக்கிறார். ஒரு மணி நேரம் ஆகலாம், இரண்டு மணி நேரம் ஆகலாம், எந்த அடியில் அருள் வரும் என்று அவருக்கும் தெரியாது. நாள்தோறும் எழுதுவது அந்த மேளம். வராத நாட்களில் எழுதிய வரிகளை நான் கிழித்துப் போட்டிருக்கிறேன், ஆனால் அவற்றை எழுதாமல் இருந்ததில்லை.

கேள்வி: இன்றைய பாட்டுக்கு எதுகையும் மோனையும் தேவையா?
– ஆசிரியர், ஆலங்குளம்

பதில்: நோட்டைப் பார்த்துப் பாடுகிறவருக்குத் தேவையில்லை. நோட்டே இல்லாமல் விடிய விடியப் பாடுகிறவருக்கு அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பது மோனைதான்.

கேள்வி: வில்லுப்பாட்டில் சாவுக் கதைகளே அதிகமாக இருப்பதாகத் தோன்றுகிறது. திருவிழா நாளில், குழந்தைகளும் கேட்டுக்கொண்டிருக்க, இவ்வளவு சாவைப் பாட வேண்டுமா?
– வாசகர், தென்காசி

பதில்: தங்கள் கேள்வியில் உள்ள வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம் சீமையில் எத்தனையோ தெய்வங்கள் ஒரு காலத்தில் நம்மைப் போல் நடமாடிய மனிதர்கள். வெட்டுப்பட்டும், வஞ்சிக்கப்பட்டும், வயது முடியாமலும் போனவர்கள். முண்டந்துறைக் காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்தையனார் கோவிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போனவர்கள், அங்கே பட்டவராயன் சன்னதியில் செருப்புகள் காணிக்கையாக வைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். அந்தணராகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்கள் இருவரை மணந்து, அவர்கள் வீட்டு மாடுகளைக் கள்வரிடமிருந்து மீட்கப் போய் உயிர்விட்ட முத்துப்பட்டன்தான் அங்கே பட்டவராயன். அவன் சாவைப் பாடாமல் அவனைச் சாமியாக்க முடியாது. அந்தக் கட்டத்தை வில்லுப்பாட்டை நடத்தும் புலவர் சுருக்கிப் பாடினால், கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்கள் விட மாட்டார்கள். நள்ளிரவுச் சாமக் கொடையில் வீசுகோல் வில்லின் நாணில் விழ, குடத்தின் வாயில் பத்தை என்னும் தட்டுமட்டை அடிக்க, வலம்பாடுபவரும் இடம்பாடுபவரும் வரியை வாங்கி வாங்கிப் பாடும்போது, கொலையுண்டவன் கோபத்தோடு போனவன் என்பதை ஊரே ஒப்புக்கொள்கிறது. குற்றம் செய்தவர்களின் வாரிசுகளும் கொல்லப்பட்டவர்களின் வாரிசுகளும் ஒரே பந்தலில் உட்கார்ந்து அதைக் கேட்கும் ஊர்களும் உண்டு. குழந்தைகள் அதைக் கேட்பது நல்லது என்றே நான் நினைக்கிறேன். நானும் ஆச்சியின் மடியில் படுத்துக்கொண்டுதான் கேட்டேன்.

கேள்வி: வெள்ளத்தில் உங்கள் நோட்டுகள் அழிந்துபோனதாக முன்பு ஒரு பதிலில் எழுதியிருந்தீர்கள். அந்த இழப்பிலிருந்து எப்படி மீண்டீர்கள்?
– இல்லத்தரசி, அம்பாசமுத்திரம்

பதில்: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் எங்கள் தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. குறுக்குத்துறை முருகன் கோவில் வெள்ளத்தில் மூழ்குவதையும், நீர் வடிந்ததும் மறுபடி பூசை நடப்பதையும் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவன் நான். வீட்டுக்குள் அதே தண்ணீர் வரும்போதுதான் அதன் கனம் தெரிந்தது. பரணுக்கு ஏற்ற நினைத்து மறந்துபோன தகரப் பெட்டியில் பதினொரு நோட்டுகள் இருந்தன. மூன்றாம் நாள் திறந்தபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஊறிய கருப்பட்டிக் கட்டியைப் போல் இருந்தன. மை கரைந்து, ஒரு பக்கத்தின் நீலம் அடுத்த பக்கத்தில் ஏறியிருந்தது. வெயிலில் விரித்துப் பார்த்தேன். முனையைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்தது.

ஒரு மாதம் வரை நான் எதையும் எழுதவில்லை. பிறகு, என் பாட்டுகளைப் பாடிய குழுக்களிடம் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்து, அவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுத ஆரம்பித்தேன். திரும்பி வந்தவை அறுபது பாட்டுகளுக்குள்தான். நான் மிகச் சிறந்தது என்று பொத்தி வைத்திருந்த பாட்டுகளில் பல யார் நினைவிலும் இல்லை. அவசரத்துக்கு ஒரே மாலையில் எழுதிக் கொடுத்து, எழுதியதையே மறந்துவிட்ட பாட்டுகள் முழுதாகத் திரும்பின. அதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாளாயிற்று.

அதைவிடப் பெரிய பாடம் ஒன்று கிடைத்தது. “ஆற்றில் கிடக்கும் கல்லினைப்போல் அடியேன் தேய்வதை யாரறிவார்” என்று நான் எழுதியிருந்தேன். இருபது ஆண்டுகளாக அதைப் பாடிவரும் வில்லிசைக் கலைஞர் எனக்குப் பாடிக் காட்டியது இப்படி: “ஆத்துக்குள்ள கெடக்குங் கல்லு தேயுததை ஆரு கண்டா.” அடியேன் எங்கே போனான் என்று கேட்டேன். “அந்த எடத்துல எனக்கு மூச்சு எடுக்க வேண்டியிருக்கு அண்ணாச்சி, அதான் விட்டுட்டேன்” என்றார். நான் என்னைப் பற்றி எழுதிய வரியிலிருந்து என்னை எடுத்துவிட்டார். வரி எல்லோருக்கும் உரியதாகிவிட்டது. இப்போது எதை எழுதினாலும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, எங்கே மூச்சு முடிகிறதோ அங்கே வரியை முடிக்கிறேன். தங்கள் கேள்விக்கு நேராகச் சொல்வதானால், முழுதாக மீளவில்லை. மழை பெய்யும் இரவுகளில் எழுந்து அந்தப் பெட்டி இருந்த மூலையைப் பார்க்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 29. இன்னும் ஒரு நல்ல பாட்டுக்கூட எழுதவில்லையே என்ற பயம் வருகிறது. உங்களுக்கு அந்தப் பயம் இருந்ததா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: தங்கள் ஊருக்குப் பக்கத்துச் சென்னிகுளத்தில் பிறந்தவர் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீனின் ஆதரவில் இருந்து, கழுகுமலை முருகனுக்குக் காவடிச் சிந்து பாடியவர். 1891-இல், இளைஞராகவே மறைந்துவிட்டார். இதைச் சொல்வது தங்களை அச்சுறுத்த அல்ல. அந்தச் சிந்தின் சந்தத்தைக் கவனியுங்கள்: அது தோளில் காவடியோடு நடக்கிறவனின் கால் அடி. தமக்கு எத்தனை ஆண்டு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர் அதை எழுதியிருக்க முடியாது. பக்கத்தில் நடக்கிறவரின் காலைக் கேட்டுக்கொண்டிருந்தவரே எழுதியிருக்க முடியும். பயம் எனக்கும் இருந்தது, இன்றும் இருக்கிறது. எழுதும் நேரத்தில் மட்டும் அது அருகில் வருவதில்லை.

கேள்வி: உங்கள் காலத்துக்குப் பின் உங்கள் பாட்டுகளில் எது நிற்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?
– நீண்டகால வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: வெள்ளத்துக்கு முன் கேட்டிருந்தால் பட்டியலே கொடுத்திருப்பேன், அம்மா. இப்போது அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கு இல்லை என்று நினைக்கிறேன். எனக்கு ஒரே ஓர் ஆசை உண்டு. நான் போகும் அன்று ஒலிபெருக்கியில் என் பாட்டைப் போட வேண்டாம். தெருப் பெண்கள் ஒப்பாரி பாட வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் ஒப்பாரியை முழுதாகப் பாடத் தெரிந்தவர்கள் இப்போது இரண்டே பேர், இருவரும் என்னைவிட மூத்தவர்கள்.

சென்ற மாதம் அவர்களில் ஒருவரிடம், பெரியம்மை முறை ஆகவேண்டும் எனக்கு, பாடிக் காட்டச் சொல்லிக் கேட்டேன். “வீட்டுக்குள்ள வச்சு இதைப் பாடக் கூடாதுப்பா, சாவக் கூப்பிட்ட மாதிரி ஆயிரும்” என்றார். அதனால் வாழைத் தோட்டத்துப் பம்புசெட்டுக்குப் போனோம். ஊருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, “ஆரை நெனச்சுப் பாடட்டும்?” என்று கேட்டார். யாரோ ஒருவர் என்று வைத்துப் பாட அவருக்கு வராது. என் அம்மாவை நினைத்துப் பாடுங்கள் என்றேன். அம்மா இறந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. பெரியம்மை சற்று நேரம் வாழை இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தொடங்கினார். மூன்றாவது வரியில் அம்மாவின் சொளவு வந்தது, அதற்கு அடுத்த வரியில் கத்தரி. எழுதிக்கொள்வதற்காகக் கொண்டுபோன நோட்டை நான் திறக்கவே இல்லை.