ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பாண்டூன் படகுகளில் எதை வாங்குவது?

மிதவைக் குழாய்களின் மேல் தட்டையான தளம் போட்ட படகுதான் பாண்டூன். நீங்கள் பார்த்த இரண்டும் 22 அடி, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை, ஒன்றில் மட்டும் இருக்கையும் ஸ்பீக்கரும் சொகுசு என்று எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்தோடு ஏரியில் சுற்றத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இதே குழப்பம் எங்களுக்கும் இருந்தது. படகு டிரெய்லரில் நிற்கும்போதே இரண்டுக்கும் அடியில் குனிந்து பாருங்கள்.

நாங்கள் பார்த்த இரண்டும் மேலே அச்சு அசல் ஒன்றுதான். விற்பனையாளர் மெத்தையையும் விளக்குகளையும் காட்டிக்கொண்டே இருந்தார். நான் டார்ச்சோடு அடியில் போனேன். தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் சாதாரணப் படகில் 16 அங்குலத்துக்கு ஒன்று இருந்தன, சொகுசுப் படகில் 24 அங்குலத்துக்கு ஒன்று. முன்னதில் தளப் பலகையைத் துளைத்து போல்ட் போட்டு நட் முடுக்கியிருந்தார்கள். மற்றதில் பெரும்பாலும் வெறும் ஸ்க்ரூ.

மிதவைக் குழாயின் விட்டம் சாதாரணப் படகில் 25 அங்குலம், சொகுசுப் படகில் 23. "ரெண்டு அங்குலம்தானே" என்றார் மச்சான். அப்படியில்லை. குழாயின் கொள்ளளவு விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும்; அதே நீளத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் கூடுதல் மிதப்பு. எல்லாரும் முன்பக்கம் போய் உட்காரும்போது இது தெரியும்.

சாதாரணப் படகையே எடுத்தோம். வீட்டில் கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருந்தது. அப்புறம் ஒரு மாலை, படகு நிறைய ஆட்கள் இருக்கும்போது காற்று கிளம்பி அலை அடித்தது. முன்மூக்கு தண்ணீரில் குத்தவில்லை, தளமும் அதிரவில்லை. மெத்தையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், குழாயை மாற்ற முடியுமா?

இன்ஜினையும் பாருங்கள். 115 குதிரைத்திறன் வரை தாங்கும் படகில் 60 மாட்டி விலையைக் குறைத்துக் காட்டுவது உண்டு. எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு குதிரைத்திறன் என்று படகிலேயே தகடு இருக்கும். அதைப் படித்துவிட்டு விலையை ஒப்பிடுங்கள்.

மூன்று குழாய்ப் படகுதான் சரி என்று யாராவது கீழே சண்டைக்கு வரலாம். வேகமாகப் போகவும், ஸ்கீ இழுக்கவும், பெரிய அலையைத் தாங்கவும் அது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எடை கூடும், இன்ஜினும் டிரெய்லரும் அதற்கு ஈடாக வேண்டும். நிதானமாகச் சுற்றுபவருக்கு அந்தச் செலவு எதற்கு? உப்புத் தண்ணீரில் ஓட்டுபவர்கள் அலுமினிய அரிப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நான் சொல்வது ஏரிக்கு.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்த ஏரிக்குப் போனாலும் படகு ஓடும்போது முன்வாசலைத் திறந்து, கம்பிக்கு வெளியே காலைத் தொங்கவிட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். ஓட்டுகிறவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். அங்கிருந்து விழுந்தால் இரண்டு குழாய்களுக்கும் நடுவில்தான் போவார்கள், பின்னால் இன்ஜின் விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். திருப்பவோ நிறுத்தவோ நேரமே இருக்காது. சொன்னால் "மெதுவாத்தானே போறோம்" என்று கோபிக்கிறார்கள். எனக்கு வயிறு பற்றி எரிகிறது. எங்கள் படகில் முன்வாசல் சாத்தாமல் சாவியைத் திருப்ப மாட்டேன், விருந்தாளி வருத்தப்பட்டாலும் சரி.