சுகரும் இல்ல பிரஷரும் இல்ல, கரும்பு வெட்டுறவருக்கு கிட்னி ஏன் கெடுது?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 36 வயசு, விழுப்புரம் பக்கம் கரும்பு வெட்டுறார். சுகர், பிரஷர், குடி எதுவும் இல்ல. அடிக்கடி நீர்க்கடுப்பு. கிரியாட்டினின் 1.6னு வந்திருக்கு. என் தம்பியும் இந்த வருஷம் வெட்டப் போறான். பயமா இருக்கு டாக்டர்.

பதில்: அம்மா, கிரியாட்டினின்ங்கிறது கிட்னி வெளியேத்த வேண்டிய ஒரு கழிவு, ரத்தத்துல அது 1.6ங்கிறது இந்த வயசுக்கு அதிகம்தான், ஆனா நாள் பூரா வெயில்ல வெட்டிட்டு வந்து ரத்தம் குடுத்தா ஏறித்தான் காட்டும். நாலஞ்சு நாள் வேலைக்குப் போகாம நல்லா தண்ணி குடிச்சிட்டு மறுபடி எடுங்க, கூட யூரின் டெஸ்ட்டும் வயித்து ஸ்கேனும் பாருங்க. மூணு மாசம் கழிச்சும் குறையலன்னாதான் நாள்பட்ட கிட்னி வியாதின்னு சொல்லுவோம்.

உங்க வீட்டுக்காரர் மட்டும் இல்லம்மா. 2002ல எல் சால்வடோர் நாட்டு டாக்டருங்க இதையே எழுதுனாங்க, டயாலிசிஸுக்கு வந்தவங்கள்ல நிறைய பேர் சுகர் பிரஷர் இல்லாத விவசாயக் கூலிங்க. இலங்கையில அனுராதபுரம், பொலன்னறுவை நெல் விவசாயிங்க, ஆந்திரால உத்தானம் பகுதி ஜனங்களும் இப்படித்தான் பாதிக்கப்பட்டாங்க. பூச்சி மருந்து, தண்ணியில இருக்கிறதுன்னு பலதையும் ஆராயுறாங்க, ஆனா கரும்புக் காட்டப் பொறுத்தவரை தினம் தினம் உடம்பு காய்ஞ்சு சூடேறுறதுதான் பெரிய காரணம்னு நான் நம்புறேன்.

டன்னுக்கு இவ்ளோன்னு கூலி பேசுறதால கத்தியக் கீழ வைக்கவே மனசு வராது, கரும்புத் தோகை அறுக்குதுன்னு முழுக்கை சட்டை வேற, வரப்புல வெச்ச கேன் தண்ணி பத்து மணிக்கே கொதிக்கும், அதக் குடிக்க யாரு நடந்து போவா? சாயங்காலம் மூத்திரம் டீ டிகாக்‌ஷன் கலர்ல போகும், அதத்தான் சூடுன்னு சொல்லிட்டு உடம்பு வலிக்கு மெடிக்கல்ல டைக்ளோபினாக் வாங்கிப் போட்டுக்குவாங்க. காய்ஞ்சு கெடக்குற கிட்னிக்கு அந்த மாத்திரை விஷம்மா, தயவுசெஞ்சு இன்னையோட நிறுத்தச் சொல்லுங்க.

எல் சால்வடோர்லயே ஒரு கரும்பு ஆலையில தண்ணி, ஓய்வு, நிழல் மூணையும் வேலையோட சேத்துக் குடுத்துப் பாத்தாங்க. அதே மாதிரி இங்கயும் வேணும்னு மேஸ்திரிகிட்ட எல்லாரும் சேந்து கேளுங்க. விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு பதினோரு மணிக்குள்ள முடிச்சிடணும், இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி, ஈரத்துணி சுத்துன கேன் வெட்டுற எடத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும், மணிக்கொரு தடவ மரத்தடியில உக்காரணும். ரெண்டாவது டெஸ்ட்லயும் கிரியாட்டினின் அதிகமா இருந்தா இந்த சீசன் வெட்டவே வேணாம், கிட்னி டாக்டரப் பாருங்க.

தம்பியயும் கூட்டிட்டுப் போங்க, சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு கிரியாட்டினின், முடிஞ்சதும் ஒண்ணு, ரெண்டு சீட்டயும் பத்திரமா வைங்க.