விவாதத்தில் ஜெயித்தவர் எங்கே போனார்?

கேள்வி: 2019-ல் நம் துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ், விவாத மேடையில் ஜோ பைடனையே திணறடித்தார். 2023-ல் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை விவேக் ராமசாமி பேச்சில் பின்னியெடுத்தார். காலையில் அலாரம் வைத்து எழுந்து எல்லா விவாதங்களையும் பார்த்தேன். அரசியல் வலைப்பதிவுகளையும் விடாமல் படித்தேன். கடைசியில் ஒருவர் ஓட்டுப்பதிவு வரைகூட நிற்கவில்லை, இன்னொருவர் முதல் மாநிலத்திலேயே நடையைக் கட்டினார். அமெரிக்கர்களுக்கு விவாதம் புரியவில்லையா, எனக்குத்தான் புரியவில்லையா?

- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: உங்களுக்குத்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம், அமெரிக்க டி.வி. சேனல்கள் பலவற்றுக்கு இந்தக் குழப்பம்தான் பிழைப்பே. நீங்கள் பார்த்தது பட்டிமன்றம். அங்கே நடுவர் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிடுவார். பிரைமரியில், அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவுசெய்யும் உட்கட்சித் தேர்தலில், தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் மாதக்கணக்கில் கழித்துத்தான் ஓட்டுப் போட வருவார். அதற்குள் நீங்கள் கைதட்டிய வசனம் அவருக்கு மறந்தே போயிருக்கும்.

தேதிகளைப் பாருங்கள். மயாமியில் கமலா பைடனை மடக்கியது 2019 ஜூன் 27. முதல் ஓட்டுப்பதிவான ஐயோவா மாநிலக் காகஸ் (கட்சிக்காரர்கள் நேரில் கூடி ஆதரவைச் சொல்லும் கூட்டம்) 2020 பிப்ரவரி 3. நடுவே ஏழு மாதம். அன்று ராத்திரிக்குப் பிறகு 24 மணி நேரத்தில் 20 லட்சம் டாலர் நன்கொடை கொட்டியது உண்மைதான். ஆனால் ஏழு மாதத்துக்கு ஆள், அலுவலகம், விளம்பரம் என்று பிரசாரம் ஓட வேண்டுமே, அதற்கு 20 லட்சம் எம்மாத்திரம்? ஜூலை-செப்டம்பர் கணக்கில் வரவைவிடச் செலவு அதிகம். டிசம்பர் 3-ம் தேதி, கையில் பணமில்லை என்று சொல்லியே விலகினார்.

இந்தக் கணக்கு ரகசியமில்லை. கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தில் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கலாகும். தேர்தலுக்கு முந்தைய ஆண்டு என்றால் ஏப்ரல் 15, ஜூலை 15, அக்டோபர் 15, அப்புறம் ஜனவரி 31. அதில் திரட்டிய தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். வேட்பாளர்கள் அறிக்கை விட்டுப் பீற்றிக்கொள்வது அதைத்தான். கையிருப்பை எடுங்கள், கடனைக் கழியுங்கள். பொதுத்தேர்தலுக்கென்று வாங்கிய நன்கொடையும் அதில் கலந்திருக்கும். பிரைமரியில் அதைத் தொடக்கூடாது, அதையும் கழியுங்கள். மிச்சத்தை அந்தக் காலாண்டின் சராசரி மாதச் செலவால் வகுத்தால், ஆள் இன்னும் எத்தனை மாதம் தாங்குவார் என்று தெரிந்துவிடும். இரண்டு மணி நேர விவாதத்தைப் பார்க்கும் நேரத்தில் எல்லா வேட்பாளருக்கும் இந்த வகுத்தலைப் போட்டுவிடலாம்.

விவேக் விஷயம் இன்னும் எளிது. 2023 ஆகஸ்ட் 23, மில்வாக்கி. மேடையில் எட்டுப் பேர். முன்னணியில் இருந்த டிரம்ப் அங்கே வரவேயில்லை. அந்தச் சுற்று பிரைமரி விவாதம் ஒன்றுக்குக்கூட அவர் வரவில்லை. வராதவரை மேடையில் எப்படித் தோற்கடிப்பது? 2024 ஜனவரி 15-ல் ஐயோவாவில் டிரம்புக்கு 51 சதவிகிதம், விவேக்குக்கு 7.7. அந்த மாநிலத்துக்கு 40 டெலிகேட் (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள்), விகிதப்படி 3.08 வரும், மூன்று கிடைத்தது. அன்றிரவே விலகினார்.

அந்த மேடையில் ஏறுவதற்கும் ஒரு விலை உண்டு. முதல் விவாதத்துக்குக் குடியரசுக் கட்சி கேட்டது, குறிப்பிட்ட கருத்துக்கணிப்புகளில் 1 சதவிகிதமும் 40,000 தனித்தனி நன்கொடையாளர்களும். அப்போதைய வடக்கு டகோட்டா கவர்னர் டக் பர்கம் என்ன செய்தார் தெரியுமா? ஒரு டாலர் நன்கொடை தருகிறவருக்கு 20 டாலர் பரிசு அட்டை கொடுத்தார். மேடையும் ஏறினார். (இருபது என்றதும் உங்களுக்கு எந்த இடைத்தேர்தல் ஞாபகம் வந்தாலும் நான் பொறுப்பல்ல.) ஆகவே மேடையில் நிற்பதை வைத்தே ஒருவருக்குச் செல்வாக்கு இருப்பதாக நினைத்துவிடாதீர்கள்.

விவாதத்தால் ஒன்றுமே ஆகாது என்று சொல்லவில்லை. ஓட்டுப்பதிவுக்கு நான்கைந்து நாள் முன்னால் நடந்தால் ஆகும், அதுவும் பெரும்பாலும் கவிழ்க்கத்தான். 2016-ல் ஐயோவாவில் மூன்றாவதாக வந்து மேலே ஏறிக்கொண்டிருந்தார் மார்கோ ரூபியோ. பிப்ரவரி 6 விவாதத்தில், ஒபாமாவைப் பற்றி மனப்பாடம் செய்துவந்த ஒரே வாக்கியத்தை அவர் திரும்பத் திரும்பச் சொல்ல, கிறிஸ் கிறிஸ்டி அதை அங்கேயே சுட்டிக்காட்டிக் கிழித்தார். மூன்றாம் நாள் நியூ ஹாம்ப்ஷயரில் ரூபியோவுக்கு ஐந்தாமிடம். கிழித்த கிறிஸ்டிக்கு? ஆறாமிடம். மறுநாள் அவரும் மூட்டை கட்டினார். தூக்கிவிட்ட உதாரணம் வேண்டுமென்றால் 2020-ல் ஏமி குளோபசார்: பிப்ரவரி 7 விவாதத்தில் நன்றாகப் பேசி, 11-ம் தேதி நியூ ஹாம்ப்ஷயரில் மூன்றாமிடம். அந்த வேகத்தை அடுத்த மாநிலங்களுக்குக் கொண்டுபோக ஆள்பலம் இல்லை. மார்ச் 2-ல் விலகினார்.

இனி நீங்கள் பார்க்காமல் விட்ட ஆட்டத்துக்கு வருவோம். வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது கட்சி மாநாட்டுக்குப் போகும் டெலிகேட்கள். அவர்களைப் பங்கிடும் விதிதான் பிரைமரி. ஜனநாயகக் கட்சியில் பெரும்பாலான டெலிகேட்களைத் தொகுதிவாரியாகப் பிரிப்பார்கள். 15 சதவிகிதம் எட்டாதவருக்குப் பூஜ்யம். எட்டியவர்களின் ஓட்டை மட்டும் வைத்து மறுபடி விகிதம் போடுவார்கள். ஒரு தொகுதியில் ஐந்து பேர் 40, 25, 14, 12, 9 என்று வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மூவரின் 35 காற்றோடு போச்சு. மிச்சம் 65. அதில் முதலாமவர் பங்கு 61.5 சதவிகிதம். தொகுதிக்கு நான்கு டெலிகேட் என்றால் அவருக்கு 2.46, அடுத்தவருக்கு 1.54. முழு எண்ணாக்கினால் ஆளுக்கு இரண்டு. பதினைந்து புள்ளி முந்தியும் பலன் சமம்!

நான்கு டெலிகேட் தொகுதியில் 3-1 என்று வேண்டுமானால் 62.5 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டும். மூன்று டெலிகேட் தொகுதியில், நேருக்கு நேர் போட்டி என்றால், ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலே 2-1. விவரம் தெரிந்தவர்கள் பணத்தையும் தொண்டர்களையும் ஒற்றைப்படைத் தொகுதிகளுக்கு அனுப்புவது இதனால்தான்.

2008-ல் ஹிலாரி கிளின்டனும் ஒபாமாவும் மோதியபோது இந்தச் சூட்சுமம் முழுசாக வெளியே தெரிந்தது. பிப்ரவரி 5, சூப்பர் செவ்வாய், அதாவது பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் செவ்வாய்க்கிழமை. நியூ ஜெர்சியில் ஹிலாரி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். டெலிகேட் 59-48, லாபம் 11. அதே நாளில் ஐடஹோ காகஸில் ஏறத்தாழ 21,000 பேர்தான் கலந்துகொண்டார்கள். ஐந்தில் நான்கு பங்கு ஒபாமாவுக்கு. டெலிகேட் 15-3, லாபம் 12. ஓட்டு வித்தியாசத்தைப் பார்த்தால் நியூ ஜெர்சிதான் பெரிது. மார்ச் 4-ல் டெக்சாஸ் அதைவிட வேடிக்கை. பகலில் பிரைமரி, ராத்திரி காகஸ். பிரைமரியில் ஹிலாரி ஜெயித்து 65-61. காகஸில் ஒபாமா 38-29. மொத்தத்தில் ஒபாமாவுக்கு 99, ஹிலாரிக்கு 94. 'டெக்சாஸில் ஹிலாரி வெற்றி' என்று தலைப்புப் போட்டவர்கள் பொய் சொல்லவில்லை. கணக்கைத்தான் சொல்லவில்லை.

குடியரசுக் கட்சியில் மாநிலத்துக்கு ஒரு விதி. ஐயோவா விகிதாசாரம். தென் கரோலினாவில் 2016-ல் டிரம்ப் வாங்கியது 32.5 சதவிகிதம், அள்ளியது 50-க்கு 50 டெலிகேட். எந்த மாநிலம் எந்த வகை என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் கருத்துக்கணிப்பைப் பார்ப்பது வீண்.

கருத்துக்கணிப்பு என்றதும் ஒன்று: தேசிய அளவிலான எண்ணை மறந்துவிடுங்கள். நாடு முழுக்க ஒரே நாளில் ஓட்டுப் போடும் பிரைமரி கிடையாது. மாநில எண்ணையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. பிரைமரியில் கட்சிச் சின்னம் உதவாது, இரு பக்கமும் ஒரே கட்சி. அதனால் கடைசி இரண்டு நாளில்கூட மனம் மாறும். 2008 ஜனவரி 8-ல் நியூ ஹாம்ப்ஷயரில் கணிப்புகள் ஒபாமா முந்துகிறார் என்றன, ஜெயித்தது ஹிலாரி.

வலைப்பதிவுகளில் எதைப் படிக்கலாம் என்பதற்கும் அதே ஆண்டில் உதாரணம் இருக்கிறது. 'பொப்லானோ' என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். யார் நன்றாகப் பேசினார் என்று அவர் கவலைப்படவில்லை. முந்தைய மாநிலங்களில் எந்த வயது, இனம், படிப்பு உள்ள மக்கள் யாருக்குப் போட்டார்கள் என்று பார்த்து, அதே அளவுகோலை அடுத்த மாநிலத்தின் மக்கள்தொகையில் வைத்தார். மே 6-ல் வட கரோலினாவில் ஒபாமா, கணிப்புகள் சொன்னதைவிடப் பெரிய வித்தியாசத்தில் ஜெயிப்பார் என்று எழுதினார், நடந்தது. அந்த மாதக் கடைசியில் தன் பெயரை வெளியிட்டார்: நேட் சில்வர், பேஸ்பால் புள்ளிவிவரக்காரர். ஒரு பதிவில் டெலிகேட் எண்ணோ, தொகுதிக் கணக்கோ இல்லாமல் 'அலை', 'எழுச்சி' என்று மட்டும் இருந்தால் அடுத்த பக்கம் போய்விடுங்கள்.

அலாரத்தை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், விவாதத்துக்கு அல்ல. சூப்பர் செவ்வாய் அன்று கலிபோர்னியாவில் ஓட்டுப்பதிவு முடிவது நமக்குப் புதன் காலை 9.30 மணி. அங்கே தபால் ஓட்டு எண்ணி முடிய வாரக்கணக்காகும். 'வெற்றி' அறிவிப்பு வந்த பிறகும் டெலிகேட் எண்ணிக்கை நகர்ந்துகொண்டே இருக்கும்.

உங்கள் துளசேந்திரபுரத்துப் பேத்திக்கு ஒரு பின்குறிப்பு. மயாமி விவாதம் முடிந்து சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 2024 ஜூன் 27-ல் அட்லாண்டாவில் ஒரு விவாதம். இந்தமுறை டிரம்பின் எதிரில் பைடன் தடுமாறினார். ஜூலை 21-ல் விலகினார். அதற்குள் பிரைமரி எல்லாம் முடிந்து, டெலிகேட்களில் ஏறத்தாழ அத்தனை பேரும் பைடன் ஆட்கள். 2019-ல் மேடையில் ஜெயித்தும் கமலாவுக்கு ஒரு டெலிகேட்கூடக் கிடைக்கவில்லை. 2024-ல் அவர் எந்தப் பிரைமரியிலும் நிற்கவில்லை, வேட்பாளராகும்வரை விவாதமும் செய்யவில்லை. ஓட்டளித்த டெலிகேட்களில் 99 சதவிகிதம் அவருக்கு.