நம் ஊரிலும் பருவம் உண்டு, அடுப்படியில் தெரியும்

"தினமும் என்ன சமைப்பது என்று யோசித்தே சலித்துவிட்டது. குளிர் நாடுகளில் பருவத்துக்கொரு சமையல் இருக்கிறது. மலேசியாவில் ஆண்டு முழுவதும் அதே வெயில், அதே மழை. இங்கே என்ன பருவம், என்ன சமையல்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டிலிருந்து கேட்பதாகச் சொல்வதால் உங்கள் சலிப்பு எனக்குப் புரிகிறது. பேரங்காடியில் எந்த மாதம் போனாலும் அதே கேரட்டும் முட்டைக்கோசும்தான். நான் இருப்பது பேராக்கில், சுங்கை சிப்புட்டில். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள். இப்போது தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியிருக்கிறேன். இங்கே மாதத்துக்கு மாதம் சாப்பாடு மாறிக்கொண்டே இருக்கிறது.

முதலில் அன்றாடச் சமையல். எங்கள் வீட்டில் சோறும் இரசமும் மாறுவதில்லை. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்ட இரசம். கூடவே பொரித்த நெத்திலிக் கருவாடோ அப்பளமோ இருக்கும். இதற்கெல்லாம் யோசனையே தேவையில்லை, கை பழகிவிட்டது. யோசிப்பது மூன்றாவதாக வைக்கும் ஒரு கறிக்கு மட்டும்தான். அந்த ஒன்றை, அந்த வாரம் சுற்றுவட்டாரத்தில் எது விளைந்திருக்கிறதோ அதனிடம் விட்டுவிடுங்கள். பாதிச் சலிப்பு அப்போதே போய்விடும். ஒன்றும் கிடைக்காத நாளில் முருங்கைக்கீரையை உருவிப்போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, ஒரு கொதியில் இறக்கினால் போதும்.

பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், இலை உதிர்க்கும். எங்கள் வட்டாரத்துக்கும் அந்த மரத்துக்கும் உறவு பழையது. 1877-இல் பக்கத்திலுள்ள கோலகங்சாரில் நட்டவற்றுள் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. புதுத்தளிர் விடும்வரை பால் குறையும், பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர்களுக்கு வரும்படியும் குறையும். அந்த வாரங்களில் அம்மா மரவள்ளிக்கிழங்கை வைத்துத்தான் வீட்டை ஓட்டினார். பட்டையை உரித்து, நடுநரம்பை எடுத்துவிட்டு, நிறைய தண்ணீரில் உப்புப் போட்டு மூடாமல் வேகவைக்க வேண்டும். வெந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்; கிழங்கில் இயல்பாகவே கொஞ்சம் நஞ்சு உண்டு. சூடு ஆறுமுன் தேங்காய்த் துருவலைத் தூவி, நெத்திலிச் சம்பலைத் தொட்டுக்கொண்டு பசியாறுவோம். ஜப்பான்காரன் ஆண்ட போர்க்காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளியையே தின்று வளர்ந்த பாட்டி மட்டும் அதைத் தொடமாட்டார். ஆனால் நல்ல கிழங்கைப் பொறுக்கித் தருவது அவர்தான். நகத்தால் கீறிப் பார்த்தே மாவாக வேகுமா, வேகாமல் அடம்பிடிக்குமா என்று சொல்லிவிடுவார்.

மழையில்லாத அந்த வாரங்களில்தான் டுரியான் பழ மரங்களும் பூக்கத் தொடங்கும். பூக்கள் மாலையில் விரியும், இரவில் வௌவால்கள் தேனுக்கு வரும். அதிலிருந்து மூன்று நான்கு மாதம் கழித்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சாலையோரமெல்லாம் கடை போட்டுவிடுவார்கள். 1993-இல் டி197 என்ற எண்ணில் பதிவான மூசாங் கிங் என்ற டுரியான் ரகத்துக்கு இன்று பெரிய மதிப்பு. எனக்கென்னவோ கம்பத்து (கிராமத்து நாட்டு) டுரியான்தான் பிடிக்கும். ஒரு மரத்துப் பழம் கசப்போடு இனிக்கும், அடுத்த மரத்துப் பழம் வெறும் இனிப்பாக இருக்கும். திறந்து பார்க்கும்வரை தெரியாது. பழம் அளவுக்கு மீறிக் கனிந்துவிட்டால் சுளையை மசித்துத் தேங்காய்ப்பாலும் குலா மெலாக்கா என்ற வெல்லமும் சேர்த்துக் காய்ச்சுவேன். அவித்த புளுட் அரிசியில் (ஒட்டும் அரிசியில்) அதை ஊற்றிக் கொடுத்தால் பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டை மறந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு மலாய் அம்மா மிஞ்சிய சுளையில் உப்புப் போட்டுப் புளிக்கவைத்துத் தெம்போயாக் செய்வார், எனக்கும் ஒரு போத்தல் வரும். சிலி பாடி என்ற காரமான குட்டி மிளகாயும் மஞ்சளும் அரைத்துவிட்டு, பாத்தின் என்ற ஆற்று மீன் போட்டு அதைக் குழம்பாக்கினால் எங்கள் இரசத்தோடு அழகாகச் சேரும். ஆடிக் கூழும் இதே காலத்தில்தான் வரும். கோயிலில் வாங்கிக் குடிப்பதற்கு ஈடாக வீட்டில் காய்ச்சிய கூழ் எனக்கு ருசித்ததில்லை.

எனக்கு ஆண்டிலேயே மிகவும் பிடித்தது அக்டோபர், நவம்பர். பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். தீபாவளிக்கு முறுக்கு சுடுகிறவர்கள் வானத்தைப் பார்த்துக் கவலைப்படுவார்கள். நான் காளானுக்குக் காத்திருப்பேன். ஆலையில் எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் செம்பனை (எண்ணெய்ப்பனை) வெறுங்குலைகளைத் தோட்டத்துக்கே திருப்பி அனுப்பி, உரமாக மரங்களுக்கு இடையில் பரப்புவார்கள். மழையில் நனைந்து அந்தக் குலைகள் மக்கத் தொடங்கும்போது அவற்றின் இடுக்குகளில் காளான் முளைக்கும். விரிவதற்கு முன்னால், மேலே சாம்பலும் அடியில் வெள்ளையுமாகக் காடை முட்டைபோல இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். எங்களுக்குப் பழக்கமான அக்கா ஒருவர் விடியற்காலையில் போய்ப் பறித்து, மோட்டார் சைக்கிள் கூடையில் வாழை இலை விரித்துக் கொண்டுவருவார். ஒன்றை இரண்டாக நறுக்கிப் பாருங்கள்: உள்ளே குடை மடங்கியபடி இருக்கும், மண் வாசனையோடு லேசான இனிப்பு வாசனையும் எழும்.

அதைச் சமைக்க அதிகம் வேண்டாம். வெளித்தோலில் ஒட்டியிருக்கும் நாரையும் மண்ணையும் கழுவிக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள் போட்டு, காளானைச் சேர்த்தால் அதுவே தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் சுண்டும்போது புதிதாக இடித்த மிளகைத் தூவி இறக்கினால் பிரட்டல் தயார். மசாலாத் தூள் போட்டால் காளானின் வாசனை போய்விடும்; இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. வெளியே மழை, தட்டில் சூடான சோறு, இரசம், இந்தப் பிரட்டல்: இதற்கு மேல் எனக்கு விருந்து என்று ஒன்று தேவைப்பட்டதில்லை.

உங்களுக்குக் கோலாலம்பூரிலும் இது முடியும். காலையில் சௌகிட் சந்தைக்குப் போங்கள். பெரிய கடைகளைத் தாண்டி, நாலைந்து கட்டுக் கீரையும் கொஞ்சம் பெத்தாய் என்ற நெடியடிக்கும் காயும் மட்டும் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் மக்சிக்கை, அதாவது மலாய் அம்மாவை, தேடுங்கள். இன்று எது புதிதாக வந்தது, வீட்டில் எப்படிச் சமைப்பீர்கள் என்று இரண்டையும் அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் தேங்காய்ப்பாலும் மிளகாயும் சேர்ந்த சமையலாகத்தான் சொல்வார். நீங்கள் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக்கொண்டால் நம் வீட்டுக் கறியாகிவிடும். மழை மாதத்தில் காளான் கண்ணில் பட்டால் இப்படித் தெரிந்தவர்களிடம் வாங்குங்கள், நீங்களாகப் பறிக்க வேண்டாம். மொட்டாக இருக்கும் நச்சுக் காளானும் பார்க்க இதேபோல் இருக்கும். வாங்கியதை அன்றைக்கே சமைத்துவிடுங்கள். மறுநாள் வரை தாங்காது.