தோல் சப்பாத்து உழைக்க வேண்டுமென்றால்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பதினாறு வயதில் வவுனியாவில் ஒரு சப்பாத்துத் தைக்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். இப்போது கிளிநொச்சியில் சொந்தமாகச் சின்னக் கொட்டில் ஒன்று. தோல் சப்பாத்து பற்றி என்ன சந்தேகம் என்றாலும் கேளுங்கள் என்றிருந்தேன், கேட்டுவிட்டீர்கள்.

புதுக்குடியிருப்பு: அண்ணை, 2019இல் என் கலியாணத்துக்கு வாங்கிய சப்பாத்து. நாலு தரம்கூடப் போடவில்லை. போன கிழமை ஒரு சாமத்தியவீட்டுக்குப் போட்டுக்கொண்டு போக, மண்டப வாசலிலேயே அடி கேக் மாதிரி உதிர்ந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன் தம்பி. அது பொலியூரிதேன் என்கிற ஒருவகைப் பிளாஸ்ரிக் நுரையால் செய்த அடி. பாரமில்லாமல் மெத்தென்று இருக்கும், ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதை உள்ளுக்குள் மெல்ல மெல்ல உடைத்துக்கொண்டே இருக்கும், சூடும் சேர்ந்தால் இன்னும் கெதியாக. எங்களுக்கு மாரி ஈரமும் உண்டு, சித்திரை வெயிலும் உண்டு. பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாலும் தப்பாது. மேல்தோல் நல்லதென்றால் எறிந்துவிடாதீர்கள், றப்பர் அடி போட்டுத் தைக்கலாம்.

மாங்குளம், ஆசிரியர்: அப்போ எதைப் பார்த்து வாங்குவது?

மினுக்கத்தைப் பார்க்காதீர்கள், மேல்தோலும் அடியும் சேருகிற விளிம்பைப் பாருங்கள். சுற்றிவர ஒரு ஒடுக்கமான தோல் வார் ஓடி, அதிலே அடியைத் தைத்திருந்தால் அது வெல்ற் வேலை. இயந்திரத்தால் தைத்ததைக் குட்இயர் வெல்ற் என்பார்கள். றப்பரைப் பதப்படுத்தும் முறை கண்டுபிடித்த சார்ள்ஸ் குட்இயரின் மகன் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. இதில் என்ன லாபமென்றால், அடி தேய்ந்ததும் மேல்தோலைத் தொடாமல் பழைய அடியை வெட்டி எடுத்துப் புதிதைத் தைக்கலாம், அதுவும் ஒரு தடவை மட்டுமல்ல. கவனம், சிலதில் தையல் மாதிரி வெறும் அச்சுத்தான் இருக்கும். நகத்தால் சுரண்டினால் நூலா அச்சா என்று தெரிந்துவிடும்.

ஒட்டுசுட்டான்: மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன், கிறவல் றோட்டுப் புழுதி. தினமும் பொலிஷ் போடுகிறேன், ஆனாலும் மடிப்பில் வெடிக்கிறது.

தினமும் பொலிஷ் போடுவதால்தான் என்று நினைக்கிறேன். புழுதியின்மேல் பொலிஷைத் தேய்ப்பது அரத்தாள் பிடிப்பதற்குச் சமம். பின்னேரம் வந்ததும் பிறஷால் தட்டி, வெல்ற் இடுக்கைப் பழைய பற்தூரிகையால் கிண்டி விடுங்கள், அது போதும். பொலிஷ் இரண்டு கிழமைக்கு ஒருமுறை. அதிலும் மெழுகு மட்டுமே பூசிக்கொண்டிருந்தால் பளபளப்புத்தான் வரும், தோல் காய்ந்துபோகும். முதலில் கிறீம், பிறகு மெழுகு. கியர் தட்டி இடது சப்பாத்தின் மேற்பக்கம் உரிந்திருக்குமே? கியர் தண்டில் ஒரு துண்டு சைக்கிள் ரியூப்பை ஏற்றிவிடுங்கள். அப்புறம், முடிந்தால் இரண்டு சோடி வைத்து நாள் மாற்றிப் போடுங்கள். ஒரு நாள் வியர்வை உலர ஒரு நாளாவது வேண்டும்.

முல்லைத்தீவு: மார்கழி மழையில் நனைந்ததை அடுப்படியில் வைத்துக் காயவிடலாமா?

வேண்டாம். ஈரத்தோல் சூட்டுக்குச் சுருங்கி அப்பளம் மாதிரி விறைத்துவிடும், பிறகு எந்தக் கிறீமாலும் மீட்க முடியாது. சேற்றைத் துடைத்து, உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, பேப்பர் நனைய நனைய மாற்றி, அடியிலும் காற்றுப் படும்படி சரித்து நிழலில் வையுங்கள். இரண்டு நாள் செல்லும், பொறுங்கள்.

விசுவமடு: அம்மா தேங்காய் எண்ணெய் பூசச் சொல்கிறா.

அது தலைக்கு. தோலில் கறுத்துப்போகும், புழுதியை இழுக்கும், பொலிஷும் பிடிக்காது.

கிளிநொச்சி: அலுமாரியில் வைத்தால் பூஞ்சணம்.

ஷொப்பிங் பையில் சுற்றி வைத்திருப்பீர்கள், சரியா? வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் துடையுங்கள், உள்ளே துடைத்தால் அலுமாரி முழுக்கப் பரவும். வினாகிரியும் தண்ணீரும் சமமாகக் கலந்து துணியில் தொட்டு, முதலில் தெரியாத இடத்தில் பரீட்சித்துப் பார்த்துவிட்டு, முழுவதையும் துடைத்து உலரவிட்டுக் கிறீம் பூசுங்கள். அலுமாரித் தட்டையும் துடைக்க மறக்காதீர்கள். பிறகு பழைய தலையணை உறைக்குள் வையுங்கள், சுவரோடு ஒட்டாமல்.

வவுனியா: குதிப்பக்கம் ஏன் முதலில் போகிறது?

நான் எதிர்பார்த்திருந்த கேள்வி. என்னிடம் வருகிற நல்ல சப்பாத்துகளில் பாதிக்குமேல் நடந்து கெட்டவை அல்ல, கழற்றிக் கெட்டவை. வீடு, கோயில், செத்தவீடு என்று ஒரு நாளில் எத்தனை வாசலில் கழற்றுகிறோம்! லேஸை அவிழ்க்கப் பஞ்சிப்பட்டு மற்றக் காலால் குதியை மிதித்து இழுப்போம், போடும்போதும் மிதித்துக்கொண்டே நுழைப்போம். குதிக்குள் இருக்கிற விறைப்பான மட்டை அதில்தான் முறிகிறது. முறிந்ததை நானும் ஒட்டித்தான் தருவேன், பழையபடி நிற்காது. ஆகவே லேஸ் பிடிக்காவிட்டால் லேஸில்லாத சப்பாத்தே வாங்குங்கள், அதற்கும் குதியை மிதிக்காமல் காலை நுழைக்க ஒரு கரண்டிக் காம்பை வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் வாசலில் வெயிலில் விடாமல் மரத்தடியில் விடுங்கள்.

அக்கராயன்: குதி றப்பர் எப்போது மாற்றுவது?

தேய்மானம் மேலேயுள்ள தோல் அடுக்கைத் தொடுமுன். தொட்டுவிட்டால் குதியையே கட்ட வேண்டும், செலவு கூட. இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: இரண்டு நாள் கிடந்த சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டாமல் காலை விடாதீர்கள். எனக்கு ஒருமுறை தேரை, பக்கத்துக் கடைக்காரருக்கு மட்டத்தேள்.