மேற்கோள் கணக்கும் மொய்க் கணக்கும்

அன்புள்ள ஐயா,

எங்கள் கல்லூரி வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்கள். ‘உலகின் முதல் 2% விஞ்ஞானிகள்’ பட்டியலில் எங்கள் பேராசிரியர்கள் மூன்று பேர் இருக்கிறார்களாம். இப்படி எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தே ஒரு நாட்டின் ஆய்வுத் தரத்தைச் சொல்லிவிடலாமா?

செ., திருச்சி

அன்புள்ள செ.,

அந்த மாதிரி பேனர் எங்கள் ஊரிலும் தொங்குகிறது. பலர் நினைப்பதுபோல் அது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் தரும் விருது அல்ல. அங்கே பணியாற்றும் ஜான் அயோனிடிஸும் அவருடைய குழுவும் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்திலிருந்து போடும் கணக்கு; ஒருவர் கட்டுரையை மற்றக் கட்டுரைகள் எத்தனை முறை குறிப்பிட்டன, அதாவது மேற்கோள் காட்டின என்பதுதான் அதற்கு அடிப்படை. ஒருவர் தன்னைத்தானே மேற்கோள் காட்டியதைக் கழித்தால் அவர் இடம் என்ன ஆகும் என்பதும் அதிலேயே இருக்கிறது. பேனர் அடிக்கிறவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

நாடு என்று கேட்டதால் இத்தாலியைச் சொல்கிறேன். 2010இல் அங்கே பல்கலைக்கழகச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அறிவியல் துறைகளில் பேராசிரியர் தகுதி பெற கட்டுரை எண்ணிக்கை, மேற்கோள் எண்ணிக்கை, எச்-இன்டெக்ஸ் (பத்துக் கட்டுரைகளுக்குத் தலா பத்து மேற்கோளாவது வந்திருந்தால் பத்து) ஆகியவற்றில் குறிப்பிட்ட வரம்பைத் தாண்ட வேண்டும் என்றானது. அப்புறம் இத்தாலியக் கட்டுரைகளுக்கு வந்த மேற்கோள்களில் இத்தாலியர்களே தந்தவற்றின் பங்கு மளமளவென்று ஏறியது. ஆய்வாளர் அல்பெர்தோ பச்சினியும் இரு சகாக்களும் 2000 முதல் 2016 வரை ‘ஜி-10’ எனப்படும் வளர்ந்த நாடுகளை ஒப்பிட்டு 2019இல் இதை வெளியிட்டார்கள். வெளிநாட்டினரோடு சேர்ந்து எழுதும் கட்டுரையில் வரும் மேற்கோளும் இத்தாலியக் கணக்கில் சேரும் என்பதால், அப்படி எழுதுவது கூடியிருந்தால் இதற்கு வேறு விளக்கம் சொல்லியிருக்கலாம். அந்த விஷயத்திலோ ஒப்பிட்ட ஐரோப்பிய நாடுகளில் இத்தாலிதான் கடைசி.

நம்மூர் மொய் நோட்டுதான் இது. நீ எனக்கு எழுதினால் நான் உனக்கு எழுதுவேன். விசேஷம் நடந்த வீட்டில் வசூல் அமோகம், ஊருக்குள் புதுப்பணம் ஒரு ரூபாய்கூட வரவில்லை. அதற்காக எல்லோரும் திருட்டுத்தனம் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். தன் பழைய வேலையைத் தொடர்கிறவர் அதைக் குறிப்பிடாமல் எழுத முடியாது.

இன்னொன்று, உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை ஐன்ஸ்டைனுடையது அல்ல. புரதத்தை அளக்கும் முறை பற்றி அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஆலிவர் லௌரி சகாக்களோடு 1951இல் எழுதியது, மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். சோதனைச்சாலையில் எல்லோருக்கும் தேவைப்பட்டது, எல்லோரும் குறிப்பிட்டார்கள். கணிதக்காரர்களுக்கு அந்த யோகம் கிடையாது. ஆகவே மருத்துவ ஆய்வு அதிகம் நடக்கும் நாட்டையும் கணிதத்தில் வலுவான நாட்டையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியாக வராது.

ஒரு வேலை செய்யுங்கள். அந்த மூவரில் ஒருவரின் கட்டுரையை கூகுள் ஸ்காலரில் திறந்து, அதை மேற்கோள் காட்டியவர்களில் பத்துப் பேரைப் பாருங்கள். எந்த ஊர்க்காரர்கள், எந்த வாக்கியத்தில், எதற்காகக் காட்டியிருக்கிறார்கள்? பார்த்துவிட்டு எழுதுங்கள்.