சேறு தெரியும் நேரம்: குளிர்காலப் பறவை பார்த்தல், கேள்வி பதில்

மழை ஓய்ந்து ஏரிகள் நிரம்பியதும் "எங்கே போகலாம், என்ன பார்க்கலாம்" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிடுவார்கள். கடலோரத்திலும் ஏரிக்கரைகளிலும் இருபது வருடங்களுக்கு மேல் சுற்றியதில் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வேடந்தாங்கல் போயிருந்தோம். அங்கே இருக்கும் பறவைகள் எல்லாம் சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் குஞ்சு பொரிக்க வருகின்றன என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். உண்மையா சார்? (தாம்பரம்)

இல்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயார். ஒரு பறவை இங்கே கூடு கட்டுகிறது என்றால் இதுதான் அதன் ஊர். வேடந்தாங்கலில் நீர்க்கடம்பு மரங்களில் கூடு வைத்திருக்கும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். தண்ணீரும் மீனும் இருக்கிற இடம் தேடி இந்தியாவுக்குள்ளேயே அலைகிறவை. வடக்கே குளிர் நாடுகளிலிருந்து வருபவை இங்கே கூடு கட்டுவதில்லை. தின்று, ஓய்வெடுத்து, இறகு மாற்றிக்கொண்டு திரும்பிப் போய் அங்கேதான் முட்டையிடும். அதே ஏரியில் நீந்தும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் அந்த ரகம். கூடுகளையே பார்த்துக்கொண்டு நிற்பதால் கீழே தண்ணீரில் இருக்கும் அவற்றைப் பலர் கவனிப்பதே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஏரியை முதலில் காப்பாற்றியது ஊர் மக்கள்தான். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். பிரிட்டிஷ் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று முறையிட்டு, 1798-இல் அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள்.

நவம்பர் கடைசியில் பள்ளிக்கரணை போனேன். பரந்த தண்ணீர், நாலைந்து நாமக்கோழி, அவ்வளவுதான். பறவை வரத்து குறைந்துவிட்டதா? (வேளச்சேரி)

நீங்கள் போன நாளில் தண்ணீர் ஆழமாக இருந்திருக்கும். பறவை பார்ப்பதில் நான் முதலில் கற்றுக்கொண்டது தண்ணீரைப் பார்ப்பதுதான். எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதைக் காலின் நீளமும் மூக்கின் நீளமும் முடிவு செய்கின்றன. காய்ந்து வெடிக்கத் தொடங்கிய சேற்றில் உப்புக்கொத்தி ஓடும். மேலே மெல்லிய நீர்ப்படலம் மட்டும் இருக்கிற சேற்றில் கொசு உள்ளான் என்ற சிறு கரைப்பறவை குத்திக் குத்தித் தின்னும். விரல் ஆழத்தில் பொரி உள்ளான், சாண் ஆழத்தில் நெடுங்கால் உள்ளானும் கருவால் மூக்கனும், முழங்கால் ஆழத்தில் பூநாரை. அதற்கு மேல் போனால் வாத்தும் நாமக்கோழியும் முக்குளிப்பானும்தான். பெருமழைக்குப் பின் சதுப்பு நிலம் முழுக்க ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் உள்ளான்கள் எங்கே நிற்கும்? அவை வேறு இடம் பார்த்துப் போயிருக்கும். ஜனவரி நடுவிலிருந்து தண்ணீர் வடிய வடிய ஓரங்களில் சேறு தெரியும். அப்போது அதே சாலையோரத்தில் போய் நில்லுங்கள்.

வரத்து பற்றிய உங்கள் கவலை நியாயமானதுதான். பள்ளிக்கரணையில் 1,248 ஹெக்டேர் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. ஆனால் பழைய சதுப்பு நிலம் அதைவிடப் பல மடங்கு பெரியது. குப்பைக் கிடங்கும் சாலையும் கட்டடமும் தின்றது போக மிச்சம் இருப்பதைத்தான் நாம் பார்க்கிறோம். இருந்தாலும் ஒரு நாள் போய்விட்டு ஒரு இடத்தைப் பற்றி முடிவு கட்ட வேண்டாம். பக்கத்தில் இருக்கிற ஒரே ஏரிக்குப் பத்து முறை போனவருக்குத் தெரிவது, பத்து இடத்துக்கு ஒரு முறை போனவருக்குத் தெரியாது.

முகத்துவாரத்துக்கு எந்த நேரத்தில் போவது நல்லது? காலையில் போனால் போதும் என்கிறார்களே. (கடலூர், பள்ளி ஆசிரியை)

காலை நல்லதுதான், ஆனால் கடலோரத்தில் கடிகாரத்தைவிடக் கடலைக் கேட்க வேண்டும் டீச்சர். வத்தம், அதாவது நீர் இறங்கும் நேரத்தில், சேற்றுத் திட்டுகள் வெளியே வரும். பறவைகள் அதில் பரவி மேயும். ஏற்றத்தில் அவை மிச்சமிருக்கும் திட்டிலோ பக்கத்து உப்பளத்திலோ நெருக்கமாகக் கூடி நின்று ஓய்வெடுக்கும். எண்ணுவதற்கு ஏற்ற நேரம் அதுதான். மேய்ச்சலைப் பார்க்க வத்தம், கூட்டத்தைப் பார்க்க ஏற்றம். வத்தமும் ஏற்றமும் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் போன வாரத்து நேரம் இந்த வாரம் உதவாது. கரையில் வலை உலர்த்துகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டாலே போதும். முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, அதையும் அவர்தான் சொல்வார்.

நம் கிழக்குக் கரையில் காலைச் சூரியன் கடல் பக்கம் இருக்கும். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் பறவையின் நிறம் தெரியும். எதிர்ப்பக்கம் நின்றால் எல்லாமே கறுப்பு உருவம்தான்.

என்ன பைனாகுலர் வாங்கலாம்? (திருச்சி)

8x42. எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி. பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். முடிந்தால் வாங்கும் முன் ஒரு நாள் யாருடையதையாவது வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

உள்ளான்கள் எல்லாம் ஒரே மாதிரி மண் நிறத்தில் இருக்கின்றன. எப்படிப் பிரிப்பது அண்ணே? மனம் விட்டுப்போகிறது. (தூத்துக்குடி)

விட்டுவிடாதே தம்பி, உன் ஊர் உப்பளத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. நிறத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடு. முதலில் பவளக்காலி ஒன்றை மட்டும் நன்றாகப் பழகிக்கொள். செம்மஞ்சள் கால், பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் பளிச்சென்று வெள்ளை. யாரையாவது கண்டால் முதலில் கத்தி ஊரைக் கூட்டுவதும் அதுதான். அது கண்ணில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் அதைவிடப் பெரிதா, சிறிதா என்று கேட்கலாம்.

அப்புறம் நடவடிக்கையைப் பார். பின்புறத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டு, மார்புக்கும் இறக்கைக்கும் நடுவே வெள்ளை ஏறி நின்றால் சாதாரண உள்ளான். முதுகில் பொரி தூவினாற்போல் புள்ளி, மஞ்சள் கலந்த கால், வயல் தண்ணீர் என்றால் பொரி உள்ளான். மேல்நோக்கி வளைந்த மூக்கைத் தண்ணீரில் இடமும் வலமும் அரிவாள் வீசுவதுபோல் வீசிக்கொண்டே நடந்தால் கோணமூக்கு உள்ளான். பாறையிலும் சிப்பிக் குவியலிலும் கல்லைப் புரட்டிப் பார்ப்பது கல்திருப்பி உள்ளான். ஒரு முறை பத்தடி தூரத்தில் ஒன்றைப் பார்த்தேன். தன் தலையைவிடப் பெரிய சிப்பியின் அடியில் மூக்கை நுழைத்து, காலை ஊன்றி, நெஞ்சைக் கொடுத்துத் தள்ளியது. மூன்றாவது தள்ளலில் சிப்பி கவிழ, அடியில் இருந்த பூச்சியைக் கொத்திக்கொண்டு அடுத்த சிப்பிக்குப் போய்விட்டது.

பெயர் தெரியாமல் போனால் "சின்ன உள்ளான், பெயர் தெரியவில்லை" என்றே குறித்துக்கொள். தவறான பெயரைவிட அது மேல்.

அண்ணை, தலைமன்னார்ப் பக்கம் மணல் திட்டியில் கறுப்பும் வெள்ளையுமாக, தடித்த கறுத்த சொண்டோடு ஒரு கூட்டம் நிண்டது. கடற்காக்கை இல்லை. என்னவாக இருக்கும்? (மன்னார்)

உங்களுக்கு வாய்த்தது பெரிய காட்சி. நீண்ட சாம்பல் நீலக் கால்களும் இருந்திருந்தால் அது நண்டுதின்னி. பெயருக்கேற்ப நண்டுதான் அதற்குப் பிரதான உணவு. கரைப்பறவைகளில் மணலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவது இது ஒன்றுதான். பெரும்பாலும் அரபிக்கடல், பாரசீக வளைகுடாக் கரைகளில் இனப்பெருக்கம் செய்யும். அடுத்த முறை குஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். இங்கு வந்த பிறகும் சாம்பல் படிந்த இளம்பறவை தாயின் பின்னால் போய்ப் பிச்சை கேட்கும். மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் தனுஷ்கோடி மணலிலும் நாங்கள் இதைத் தேடி அலைவோம். பக்கத்திலேயே 2010 முதல் ராம்சர் பட்டியலில் உள்ள வங்காலைச் சரணாலயம் இருக்கிறது. காலையில் அங்கே வாத்துக் கூட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

பூநாரைகள் கூட்டமாகப் பறக்கும்போது எடுத்தால்தான் படம் நன்றாக இருக்கிறது. சிறிது நெருங்கிப் போனால் தப்பா? (சென்னை)

தப்புதான். பழவேற்காட்டில் ஒரு படகை நேராகக் கூட்டத்துக்குள் விடச் சொன்னவர்களை என் கண்ணால் பார்த்தேன். முந்நூறு, நானூறு பூநாரை எழுந்தன. நீரின் மேல் ஓடி ஓடித்தான் அந்த உடம்பு மேலெழும்ப முடியும். அந்த ஓட்டத்துக்கும் பறப்புக்கும் செலவான சக்தியை, தலைகீழாகக் கவிழ்த்த மூக்கால் சேற்றை வடிகட்டி வடிகட்டித்தான் திரும்பச் சேர்க்க வேண்டும். கொசு உள்ளானுக்கு இது இன்னும் கடினம். அதன் எடை 25 கிராம் அளவுதான். அந்த உடம்பில் சேர்க்கும் கொழுப்பைக் கொண்டுதான் அது வடதுருவப் பக்கம் திரும்பிப் போக வேண்டும்.

பறவை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்த்தால் நீங்கள் அப்போதே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். நின்றுவிடுங்கள், இரண்டடி பின்னால் வாருங்கள். அரை மணி ஆடாமல் உட்கார்ந்திருந்தால் அவையே மேய்ந்துகொண்டு உங்கள் பக்கம் வரும். பறக்கும் படம் வேண்டுமா? மேலே சேற்றுப் பூனைப்பருந்து வரும், அப்போது அவையாகவே எழும். காத்திருங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

உப்பளத்தில் செத்துக் கிடந்த உள்ளானின் காலில் அலுமினிய வளையம் இருந்தது. என்ன செய்ய வேண்டும் ஐயா? (வேதாரண்யம்)

எறிந்துவிடாதீர்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறது. எண்ணும் எழுத்தும் தெளிவாகத் தெரியப் படம் எடுத்து, கிடைத்த நாளும் இடமும் எழுதி அவர்களுக்கு அனுப்புங்கள். வேறு நாட்டு வளையமாக இருந்தாலும் அங்கே அனுப்பலாம். கால்களில் வண்ணக் கொடி இருந்தால் எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, என்ன நிறம் என்பதையும் எழுதுங்கள். உயிரோடு இருக்கும் பறவையைப் பிடித்து வளையத்தைக் கழற்றக் கூடாது. ஒரு பறவைக்கு எங்கே வளையம் மாட்டினார்கள், அது எங்கே வந்தது என்பதற்கு உங்கள் கடிதம்தான் சாட்சி.

பிள்ளைகளோடு எப்படித் தொடங்கலாம்? (கும்பகோணம்)

பொங்கல் விடுமுறையில். 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, நான்கு நாட்கள். குறைந்தது 15 நிமிடம் ஒரு இடத்தில் நின்று பார்த்ததை எண்ணி பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு (eBird) இணையதளத்தில் பதிந்தால் போதும். ஊர்க் குளமே போதும். கம்பியில் உட்கார்ந்திருக்கும் தகைவிலானும் வரப்பில் வாலாட்டும் மஞ்சள் வாலாட்டியும்கூடத் தூரத்திலிருந்து வந்தவைதான்.

எப்போது கிளம்பிப் போகும்? கடைசியாகப் பார்க்க நல்ல சமயம் எது? (நாகப்பட்டினம்)

மார்ச் கடைசி. பலர் பிப்ரவரியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் குளிர்காலம் முழுக்கச் சாம்பலாக இருந்த வளைமூக்கு உள்ளானுக்கு அப்போதுதான் மார்பில் செங்கல் நிறம் ஏறும். கருவால் மூக்கனின் கழுத்தும் சிவக்கும். பகல் முழுக்கத் தலை தூக்காமல் தின்னும். ஒரு மாலை உப்பளக் கரையில் உட்கார்ந்திருந்தேன். முப்பது பறவை இருக்கும். வெயில் தாழ்ந்ததும் மேய்ச்சலை நிறுத்தி, சத்தம் போட்டுக்கொண்டே எழுந்தன, வட்டமடித்து மறுபடி இறங்கின. இரண்டு முறை அப்படி. மூன்றாவது முறை எழுந்தபோது வட்டம் மேலே மேலே போய் வடக்கே நீண்ட ஒரு கோடாகிவிட்டது. அவை நின்றிருந்த சேற்றில் கால் தடங்கள் ஈரமாக இருந்தன.